டிசி மோட்டாரில் வோல்டேஜ் ஏன் முரண்படுகிறது?
நெய்க்காரப்பட்டி மோட்டார் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்



டிசி மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு இடையே மீட்டர் காட்டும் வோல்டேஜ் நான்கு விஷயங்களைப் பொறுத்து மாறும். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அளக்கப்படுகிறது, அந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது, மோட்டார் எந்த வேகத்தில் சுற்றுகிறது, எந்த மீட்டர் எந்த ரேஞ்சில் வைக்கப்பட்டிருக்கிறது என்பவையே அந்த நான்கு. இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் கிடைத்த எண்ணை வைத்து மோட்டாரைக் குறை சொல்ல முடியாது.

1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கிய காலத்திலிருந்து, இந்தப் பக்கத்துப் பட்டறைத் தொழில் பெரும்பாலும் ஏசி மோட்டாரைச் சுற்றியே வளர்ந்தது. கிணற்று மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தில் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 415 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் பியூஸோ லைனோ போய்விட்டது. மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அந்த எண் பெரிதாக அசைவதில்லை. டிசி அப்படி நடந்துகொள்ளாது. 2019-இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டம் வழியாகத் தோட்டங்களுக்கு வரும் சோலார் பம்புகள், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர், பேட்டரி ஆட்டோ ஆகியவற்றில் ஏசி பழக்கத்தோடு மீட்டரை வைத்தால், நல்ல மோட்டார் கெட்டதாகவும் கெட்ட மோட்டார் நல்லதாகவும் தெரியும்.

அடிப்படைக் கணக்கு

சுற்றிக்கொண்டிருக்கும் டிசி மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டரும்கூட. ஆர்மேச்சர் சுற்றும்போது அதற்குள்ளேயே ஒரு வோல்டேஜ் பிறந்து, வெளியிலிருந்து வரும் வோல்டேஜை எதிர்த்து நிற்கும். இதை எதிர் வோல்டேஜ் எனலாம். வேகம் கூடினால் இதுவும் கூடும்; மோட்டார் நின்றால் சுழியாகிவிடும். மோட்டார் முனையில் உள்ள வோல்டேஜ், இந்த எதிர் வோல்டேஜும் காயிலின் ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்டேஜும் சேர்ந்த தொகைக்குச் சமம்.

12 வோல்ட் ஸ்பிரேயர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சுமை இல்லாதபோது பேட்டரி 12.4 வோல்ட். மோட்டார் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 0.8 ஓம், பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸும் ஒயரும் சுவிட்சும் சேர்ந்து 0.2 ஓம். மருந்தடிக்கும்போது 3 ஆம்பியர் ஓடினால் வழியில் 0.6 வோல்ட் விழுந்து, மோட்டார் முனையில் 11.8 வோல்ட் இருக்கும். அதில் 2.4 வோல்ட் காயிலில் விழ, மீதி 9.4 வோல்ட் எதிர் வோல்டேஜ். பம்புக்குள் மருந்து உறைந்து மோட்டார் இறுகிவிட்டால் எதிர் வோல்டேஜ் இல்லை. மொத்த ரெசிஸ்டன்ஸ் 1 ஓம் மட்டுமே என்பதால் 12.4 ஆம்பியர் பாயும்; மோட்டார் முனையில் வோல்டேஜ் 10-க்கும் கீழே இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் பம்ப் வெறுமனே சுற்றினால் கரண்ட் 1 ஆம்பியருக்குக் குறைந்து, மோட்டார் முனையில் 12.2 வோல்ட் காட்டும். ஒரே மோட்டார், ஒரே பேட்டரி. ஆனால் மூன்று ரீடிங். மூன்றிலும் மோட்டாரின் காயிலில் பழுதில்லை.

இதனால்தான் வோல்டேஜோடு கரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்குப் போதும். ஏசி மட்டும் அளக்கும் பழைய டாங் டெஸ்டர் டிசி ஒயரில் மாட்டினால் ஒன்றும் காட்டாது. மோட்டார் முனையில் வோல்டேஜ் குறைந்து கரண்ட் கூடினால், மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது காயில் ஷார்ட். வோல்டேஜ் முழுதாக இருந்து கரண்ட் சுழியானால், மோட்டாருக்குள் சுற்று அறுந்திருக்கிறது: கார்பன் தேய்ந்து தொடவில்லை, அல்லது காயில் விட்டுப்போயிருக்கிறது. வோல்டேஜும் கரண்டும் இரண்டுமே குறைவென்றால் பழுது மோட்டாருக்கு வெளியே, பேட்டரியிலோ அதற்கும் மோட்டாருக்கும் இடைப்பட்ட வழியிலோ. வோல்டேஜும் கரண்டும் சரி, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் பம்ப், வால்வு, பைப் பக்கம் பார்க்க வேண்டும். பெரும்பாலான புகார்கள் இந்த நான்கில் ஒன்றுக்குள் அடங்கும்.

முதல் சந்தேகம் மீட்டர் மேல்

மோட்டாரைத் திறப்பதற்கு முன் மீட்டரைச் சோதிப்பது இரண்டு நிமிட வேலை. டிசி ரேஞ்சில் இருக்க வேண்டிய மீட்டர் ஏசி ரேஞ்சில் கிடப்பது அடிக்கடி நடப்பது. விலை குறைந்த சில மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் அலையின் ஒரு பாதியை மட்டும் எடுத்து, அதைப் பெருக்கிக் காட்டும்படி அமைந்தவை. அப்படிப்பட்ட மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து 12.6 வோல்ட் பேட்டரியை அளந்தால் ஏறத்தாழ 28 என்று காட்டும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பிடித்தால் அதே பேட்டரியில் 0 வரும். மாற்றிப் பிடித்ததும் எண் இப்படிக் குதித்தால் ரேஞ்ச் தவறு. சரியான டிசி ரேஞ்சில் மாற்றிப் பிடித்தால் எண் அப்படியே இருந்து, முன்னால் கழித்தல் குறி மட்டும் சேரும். அந்தக் குறி பழுதின் அடையாளமில்லை. ஒயர் இடம் மாறியிருப்பதைத்தான் சொல்கிறது. நிலைக்காந்தம் உள்ள மோட்டாரில் முனைகளையே மாற்றிக் கொடுத்திருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் பல மீட்டர்கள் குறைவாகக் காட்டுவதற்குப் பதில் அதிகமாகக் காட்டும். திரையின் ஓரத்தில் பேட்டரிக் குறி தெரிந்தாலே அந்த ரீடிங்கை நம்பக் கூடாது. கடையில் வாங்கிய புது 1.5 வோல்ட் செல் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்து, வேலைக்கு முன் அதை அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். 1.5-க்கும் 1.65-க்கும் இடையே காட்டினால் மீட்டரும் ஒயரும் சரி.

சும்மா இருக்கையில் முழு வோல்டேஜ், ஓட்டினால் காணோம்

டிஜிட்டல் மீட்டர் தன் வழியாக மிகச் சிறிய கரண்டையே இழுக்கும். நல்ல மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம். அதனால் பச்சை பூத்த பேட்டரி லக்கு, ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டியிருக்கும் ஒயர், கருகிய சுவிட்ச் ஆகியவற்றின் வழியாகவும் அது முழு 12 வோல்டைக் காட்டிவிடும். சொட்டுநீர் பைப்பில் பாதி அடைப்பு இருந்தாலும் கடைசி வால்வு மூடியிருக்கும்வரை பிரஷர் மீட்டர் முழு அழுத்தத்தைக் காட்டும், வால்வைத் திறந்ததும் முள் சரிந்துவிடும். வோல்டேஜும் அப்படித்தான்.

இதற்குப் பழைய டெஸ்ட் லேம்ப் இன்றும் உதவும். கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். மோட்டாரைக் கழற்றிவிட்டு அதன் ஒயர்களில் இந்த பல்பைத் தொங்கவிட்டு, பல்பின் முனைகளில் வோல்டேஜ் அளக்க வேண்டும். பல்பு மங்கி, 12.4 இருந்த இடத்தில் 7, 8 வோல்ட் வந்தால் வழியில் எங்கோ கெட்ட ஜாயின்ட் இருக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, மோட்டார் ஓடும்போதோ பல்பு எரியும்போதோ வழியைத் துண்டுதுண்டாக அளக்கலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை அதில் மாட்டியிருக்கும் லக்கிலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள் என்பதால் சில மில்லிவோல்டுக்கு மேல் வரக் கூடாது. 0.8 வோல்ட் வந்தால் பழுது அங்கேயேதான். பிறகு லக்கிலிருந்து ஒயருக்கு, சுவிட்சின் இரு பக்கங்களுக்கு, பியூஸின் இரு பக்கங்களுக்கு, கடைசியாக நெகட்டிவ் பக்கத்திலும் இதே வேலை. இப்படி அளந்த எல்லா வீழ்ச்சிகளையும் மோட்டார் முனை வோல்டேஜையும் கூட்டினால், அந்த நேரத்தில் பேட்டரிக் கம்பங்களில் உள்ள வோல்டேஜ் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு துண்டு அளக்கப்படாமல் விடுபட்டிருக்கிறது. நெகட்டிவ் பக்கத்தை அளக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் நேரும் விடுபடல்.

ஒயரின் நீளமும் தடிமனும்

230 வோல்ட் ஏசியில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் 5, 6 ஆம்பியர் இழுக்கும். 48 வோல்ட் டிசியில் அதே குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 20 ஆம்பியர் வேண்டும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 30 மீட்டர் தூரம் என்றால் போக வர 60 மீட்டர் செம்பு ஒயர். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இதன் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 0.26 ஓம். 20 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்டுக்கும் மேல் ஒயரிலேயே விழுந்துவிடும். 48 கொடுத்த இடத்தில் மோட்டாருக்கு 43 கூட வராது. 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வீழ்ச்சி 2 வோல்ட் அளவுக்கு இறங்கும்.

இதே 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஏசி மோட்டாருக்குப் போதுமானது. அங்கே ஒன்றரை வோல்ட் போனாலும் 230-இல் தெரியாது. ஏசி அளவுக்கு வாங்கிய ஒயரைக் குறைந்த வோல்டேஜ் டிசிக்கு இழுத்துவிட்டு, மோட்டாரில் வலு இல்லை என்று காயிலைக் கழற்றுவது வீண் வேலை. பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் ஓடும்போது அளந்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

சோலார் பேனலில் வரும் ஏமாற்றங்கள்

சோலார் பம்பில் வோல்டேஜ் மட்டும் வைத்து முடிவெடுப்பது இன்னும் தவறாகப் போகும். ஒரு பேனலின் பின்புற லேபிளில் இரண்டு வோல்டேஜ் இருக்கும்: ஒன்று சுமை இல்லாதபோது வருவது, மற்றது வேலை செய்யும்போது வருவது. 72 செல் பேனலில் முதலாவது ஏறத்தாழ 45, இரண்டாவது ஏறத்தாழ 37. பத்துப் பேனலை வரிசையாகக் கோத்தால் சும்மா இருக்கையில் 450 வோல்ட், ஓடும்போது 370 வோல்ட் என்பது இயல்பு. 80 வோல்ட் காணாமல் போய்விட்டது என்று தேட வேண்டியதில்லை.

காலை ஆறரை மணி வெளிச்சத்திலும் சுமை இல்லாத வோல்டேஜ் ஏறக்குறைய முழுதாகவே இருக்கும். வெளிச்சம் குறையும்போது பெரிதும் குறைவது கரண்ட்தான். அதனால் மீட்டரில் நானூறுக்கு மேல் காட்டும்; பம்பை ஓட்டினால் வோல்டேஜ் சரிந்து மோட்டார் நிற்கும். வடகிழக்குப் பருவமழைக்கால மேகமூட்டத்திலும் இதுவே நடக்கும். இதற்கு மாறாக நடுப்பகலில் வெயில் கொளுத்தும்போது வோல்டேஜ் லேபிளில் உள்ளதைவிடக் குறையும். லேபிளின் எண் 25 டிகிரி வெப்பத்துக்கானது; அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் ஏறத்தாழ 0.3 சதவீதம் இறங்கும். பேனல் 60 டிகிரிக்குச் சூடானால் 450 இருக்க வேண்டிய இடத்தில் 400 சொச்சம்தான் வரும். அதுவும் பழுதில்லை.

தென்னந்தோப்பு ஓரத்தில் நிறுத்திய பேனல்களில் வேறு ஒரு தொல்லை உண்டு. வழக்கமான ஒரு பேனலில் செல்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பைபாஸ் டயோடு இருக்கும். ஒரே ஒரு ஓலையின் நிழல் ஒரு கூட்டத்தின் மேல் விழுந்தாலும், வேலை செய்யும்போது அந்தக் கூட்டம் முழுவதும் ஒதுங்கி, வோல்டேஜ் 12, 13 வோல்ட் குறையும். ஓலை அசையும்போது ரீடிங்கும் படிப்படியாக 370, 357, 344 என்று தாவும். சீராக ஊசலாடாமல் இப்படிப் படிக்கட்டாக இறங்கி ஏறும் வோல்டேஜ், நிழலையோ பறவை எச்சத்தையோ டயோடு பழுதையோ குறிக்கும். நிழலே இல்லாத நேரத்திலும் ஒரு பேனல் மட்டும் மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காட்டினால், அதன் பின்புற ஜங்ஷன் பாக்ஸில் டயோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே உயிர்ப் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. ஏசியில் வோல்டேஜ் நொடிக்கு நூறு தடவை சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வழி உண்டு. டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. கரண்ட் ஓடும்போது பேனல் கனெக்டரை இழுத்தால் பொறி நீண்டு எரிந்து கையைச் சுடும். முதலில் கன்ட்ரோலரை நிறுத்தி, டிசிக்கென்று செய்த ஐசொலேட்டரைத் திறந்து, கரண்ட் சுழி என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்த பிறகே கனெக்டரைத் தொட வேண்டும். மீட்டரும் அதன் ஒயர்களும் 1000 வோல்ட் டிசி தாங்குவதாக எழுதியிருக்க வேண்டும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிறுத்திய பிறகும் சில நிமிடம் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். பேனலைத் துண்டித்த பின்னும் மீட்டரில் 300 காட்டுவதற்குக் காரணம் அதுதான்.

கன்ட்ரோலர் நடுவில் இருந்தால்

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் வோல்டேஜை மெதுவாகக் குறைத்துக் கொடுப்பதில்லை. முழு வோல்டேஜையே நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டுவிட்டுக் கொடுக்கும். 48 வோல்டைப் பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினால், மீட்டரின் டிசி ரேஞ்ச் சராசரியாக 24 காட்டும். அதே இடத்தில் ஏசி ரேஞ்சில் வைத்தால் இன்னோர் எண் வரும். மீட்டரின் வகைக்கேற்ப அது மாறும். இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு மீட்டரால் அளந்து இரண்டு எண் சொன்னால் இருவரும் சரியாகவே அளந்திருக்கலாம். ஆகவே கன்ட்ரோலர் உள்ள வண்டியில் நம்பத்தக்க இடம் அதன் பேட்டரி பக்கம். அங்கே சுமையோடு வோல்டேஜ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மோட்டார் பக்கத்தில் திராட்டிலைத் திருகத் திருக டிசி ரீடிங் சீராக ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இது இரண்டு ஒயர் உள்ள கார்பன் மோட்டாருக்குப் பொருந்தும். கார்பன் இல்லாத பிஎல்டிசி மோட்டாரில் மூன்று தடித்த ஒயர்கள் இருக்கும். எந்த இரண்டுக்கு நடுவே டிசி ரேஞ்சில் அளந்தாலும் ஓடும்போது சராசரி சுழியை ஒட்டியே வரும். ‘மோட்டாருக்கு வோல்டேஜ் வரவில்லை’ என்ற முடிவு இங்கே பொய். பெயரில் டிசி இருந்தாலும் அந்த மூன்று ஒயரில் ஓடுவது திசை மாறி மாறிப் பாயும் கரண்ட். அதைச் சோதிக்கும் வழி வேறு. மூன்று ஒயரையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் ஒரே வேகத்தில் சுற்றி, இரண்டு இரண்டு ஒயராக ஏசி ரேஞ்சில் அளக்க வேண்டும். மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் வந்தால் காயில் சரி. ஒரு ஜோடி மட்டும் சரியாக இருந்து மற்ற இரண்டில் ஒன்றும் வராவிட்டால், அந்த இரண்டுக்கும் பொதுவான ஒயர் அறுந்திருக்கிறது. கழற்றிய மூன்று ஒயரும் ஒன்றோடொன்று தொடாமல் இருக்கும்போதும் சக்கரம் இறுக்கமாகச் சுற்றினால் உள்ளே ஷார்ட்.

ஹால் சென்சர் உள்ள மோட்டாரில் மெல்லிய ஐந்து ஒயர்கள் தனியாக வரும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே பெரும்பாலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். மற்ற மூன்று ஒயர்களில் சக்கரத்தை மெதுவாகத் திருப்பும்போது 0-வும் 5-உம் மாறி மாறி வரும். ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் அந்த சென்சர் போய்விட்டது. வழக்கமான 120 டிகிரி அமைப்பில் மூன்றும் ஒரே நேரத்தில் 5 ஆகவோ, மூன்றும் 0 ஆகவோ இருப்பது நடக்காது. நடந்தால் சென்சரோ அதன் ஒயரோ கெட்டிருக்கிறது.

எதிர்பார்த்ததைவிட அதிக வோல்டேஜ்

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கையில் 12.6, 12.7 காட்டும். சார்ஜர் மாட்டியிருக்கும்போது 14.4 வரை போகும்; கழற்றிய பிறகும் சில மணி நேரம் 13-ஐ ஒட்டி நிற்கும். நான்கு பேட்டரி கோத்த 48 வோல்ட் வண்டியில் 51 காட்டுவது இயல்பு. 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குப் பெயரளவு வோல்டேஜ் 51.2, சார்ஜ் ஏறும்போது உச்சம் 58.4. பேட்டரி வகை தெரியாமல் 48-ஐ அளவுகோலாக வைத்தால் நல்ல ரீடிங்கும் தவறாகத் தெரியும்.

வண்டி இறக்கத்தில் ஓடும்போது சக்கரமே மோட்டாரைச் சுற்றுவதால் எதிர் வோல்டேஜ் கூடி, பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும். அப்போது பேட்டரி வோல்டேஜும் ஏறும். ஸ்விட்சை அணைத்த கையோடு அளந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் முனையில் வோல்டேஜ் தெரியும். வேகம் இறங்க இறங்க அது சுழிக்கு வந்துவிட வேண்டும்.

காயிலில் ஓடும் கரண்டைத் திடீரென்று அறுத்தால் ஒரு கணம் பல மடங்கு வோல்டேஜ் எழும். சாதாரண மீட்டரின் வேகத்துக்கு இது அகப்படாது. சுவிட்ச் காண்டாக்ட் கருகுவதிலும் ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர் அடிக்கடி போவதிலும்தான் இதன் தடயம் தெரியும். காயிலுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் மாட்டிய டயோடு இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்பனும் கம்யூட்டேட்டரும்

ரீடிங் நிலையில்லாமல் துடித்தால் பார்வை கார்பன் பக்கம் போக வேண்டும். ஓடும் மோட்டாரில் ஒவ்வொரு கார்பனும் கம்யூட்டேட்டரைத் தொடும் இடத்தில் ஏறத்தாழ ஒரு வோல்ட் விழும். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு வோல்ட். 220 வோல்ட் மோட்டாரில் இது ஒன்றுமில்லை, 12 வோல்ட் மோட்டாரில் ஆறில் ஒரு பங்கு. அதனால் சிறிய மோட்டார்களுக்குச் செம்புத்தூள் கலந்த கார்பன் போடுகிறார்கள். அதற்குப் பதில் கிடைத்த கார்பனைத் தேய்த்துப் போட்டால் வோல்டேஜ் அதிலேயே தின்றுபோகும்.

மோட்டார் நின்றிருக்கும்போது இரண்டு முனைகளுக்கு நடுவே ஓம் ரேஞ்சில் வைத்து, ஷாப்டைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். மதிப்பு கொஞ்சம் ஏறி இறங்கலாம். ஓர் இடத்தில் மட்டும் முழுவதும் அறுந்தால் அங்குள்ள கம்யூட்டேட்டர் பட்டையோ அதில் சால்டரிங் செய்த காயிலோ விட்டிருக்கிறது. எங்கு திருப்பினாலும் அறுந்து அறுந்து வந்தால் கார்பன் தேய்வு, ஸ்பிரிங் தளர்வு, அல்லது பட்டைகளுக்கு நடுவே மைக்கா மேலெழுந்து நிற்பது.

ஆர்மேச்சரைக் கழற்றிய பிறகு பட்டறையில் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை பட்டைக்குப் பட்டை மில்லிவோல்ட் எடுப்பது. இரண்டு துருவ மோட்டாரில், எதிரெதிரே உள்ள இரண்டு பட்டைகளுக்கு ஒரு பல்பு வழியாக பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து, அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவே மீட்டரை வைத்துக்கொண்டே போக வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு மில்லிவோல்ட் வந்தால் ஆர்மேச்சர் நல்லது. ஒரு ஜோடியில் மட்டும் சுழிக்கு அருகே வந்தால் அங்கே காயில் ஷார்ட், அல்லது பட்டைகளுக்கு நடுவே கார்பன் தூள் அடைத்திருக்கிறது. தூளைச் சுரண்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒரு பாதிச் சுற்றில் மற்ற எல்லா ஜோடியிலும் சுழி வந்து ஒரே ஒரு ஜோடியில் மட்டும் பெரிய எண் நின்றால், அறுந்த காயில் அதுவே. ஓம் ரேஞ்சில் இவை அகப்படாது. தடித்த காயிலின் ரெசிஸ்டன்ஸ் சாதாரண மீட்டரின் அளவுக்குக் கீழே போய்விடும்.

பீல்டு காயில் உள்ள பழைய மோட்டார்களில் இன்னொரு எச்சரிக்கை. பீல்டு முனையில் முழு வோல்டேஜ் இருப்பதால் பீல்டு வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. காயில் அறுந்திருந்தாலும் முனையில் வோல்டேஜ் அப்படியே இருக்கும். பீல்டு கரண்டை அளந்தே உறுதி செய்ய வேண்டும். ஆர்மேச்சருக்கு இணையாகப் பீல்டு அமைந்த மோட்டாரில் பீல்டு அறுந்தால் எதிர் வோல்டேஜ் விழுந்து, கரண்ட் பாய்ந்து, சுமை இல்லாதபோது வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். பீல்டும் ஆர்மேச்சரும் வரிசையாக அமைந்த மோட்டாரைச் சுமையில்லாமல் முழு வோல்டேஜில் ஓட்டுவதும் அதே ஆபத்து. பழைய டிராக்டர் டைனமோவில் ஓரிரு வோல்ட் மட்டும் வந்தால், இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால் பிறக்கும் வோல்டேஜ் அது. ஆர்மேச்சர் வேலை செய்கிறது, பீல்டு சுற்று இணையவில்லை என்று கொள்ளலாம்.

மோட்டார் பாடியில் வோல்டேஜ்

பேட்டரியோ பேனலோ எர்த்தோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்கும் அமைப்பில், ஒரு முனைக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே மீட்டர் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டலாம். லீக் இல்லாவிட்டால் அது நிலைக்காமல் இறங்கிக்கொண்டே போகும், அல்லது டெஸ்ட் லேம்ப் போன்ற சுமையை இணைத்ததும் மறைந்துவிடும். பல்பு வைத்துப் பார்ப்பது 12, 24 வோல்ட் அமைப்புக்கு மட்டுமே. நிலையாக நிற்கும் எண்தான் லீக்.

சோலார் வரிசையில் அந்த எண்ணே லீக் எங்கே என்று காட்டிவிடும். கன்ட்ரோலரிலிருந்து பேனல் வரிசையைப் பிரித்து, பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். பத்துப் பேனல், மொத்தம் 450 வோல்ட், பாசிட்டிவ் பக்கம் 135, நெகட்டிவ் பக்கம் 315 என்று நிலையாக வந்தால், 135-ஐ 45-ஆல் வகுக்க வேண்டும். விடை மூன்று: பாசிட்டிவ் முனையிலிருந்து மூன்றாவது பேனலுக்கும் நான்காவது பேனலுக்கும் நடுவே உள்ள ஒயர் எங்கோ இரும்புச் சட்டத்தில் உராய்ந்து தோல் உரிந்திருக்கிறது. பேனல் பக்கம் சுத்தமாக இருந்தால் மோட்டாரையும் கேபிளையும் 500 வோல்ட் மெக்கரில் பார்க்கலாம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஈரமோ இன்சுலேஷன் பழுதோ இருக்கிறது. மெக்கர் வைக்கும் முன் கன்ட்ரோலரைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சோதனையே அதைக் கொன்றுவிடும்.

வேலை வரிசை

மேலே சொன்னவற்றைப் பட்டறை வரிசையாக வைத்தால் இப்படி வரும். மீட்டரைத் தெரிந்த செல்லில் சோதித்தல். சுமை இல்லாமல் மூல வோல்டேஜ். சுமையோடு மூல வோல்டேஜ். சுமையோடு மோட்டார் முனை வோல்டேஜும் கரண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் வழியைத் துண்டுதுண்டாக அளத்தல். வழி சரியென்றால் பம்பைக் கழற்றி மோட்டார் கையால் சுற்றுகிறதா என்று பார்த்தல். அதன் பிறகே கார்பன், கம்யூட்டேட்டர், காயில். மோட்டாரைத் திறப்பது கடைசி வேலை.

ஒவ்வொரு ரீடிங்கையும் எழுதும்போது அளந்த இரண்டு இடங்கள், கரண்ட், நேரம், வெயிலின் நிலை, மீட்டரின் ரேஞ்ச் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். பிஎம்-குசும் திட்டத்தில் பொருத்திய பம்புகளுக்கு, பொருத்திய நிறுவனமே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் காலத்துக்குள் உள்ள பம்பில் சீலை உடைத்துத் திறந்தால் அந்த உரிமையே கேள்விக்குள்ளாகும். வெளியிலிருந்து எடுக்கக்கூடிய ரீடிங்குகளை மட்டும் எடுத்து, அந்தக் குறிப்பைப் புகாரோடு விவசாயியிடம் கொடுத்து அனுப்பினால், வரும் சர்வீஸ் ஆள் எந்த உதிரிப்பாகத்தோடு வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஐந்து ஆண்டு முடிந்த பம்புக்கும், ஸ்பிரேயருக்கும், பேட்டரி ஆட்டோவுக்கும் அதே குறிப்பு பட்டறை நோட்டில் இருந்தால், அடுத்த முறை அதே மோட்டார் வரும்போது பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டு எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.